'ரிக்ரெட்' – பாதாள சாக்கடைத் திட்டமிடலில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாதாள சாக்கடைத் திட்டமிடல் பற்றிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். 'ரிக்ரெட்' (regret: நிலைமை தெரிந்த பிறகு பார்த்தால், அதற்கு மிக மலிவான திட்டத்தைவிட நாம் தேர்ந்த திட்டத்துக்கு எவ்வளவு கூடுதல் செலவு என்ற தொகை) வருமிடமெல்லாம் 'வருத்தம்' என்று இருக்கிறது. "இரண்டாம் திட்டத்தின் உச்ச வருத்தம் 3 கோடி" என்று படித்தால் சிரிப்புதான் வருகிறது. 'கழிவிரக்கம்' பொருளுக்குக் கச்சிதம், கழிந்ததற்கு இரங்குவது. ஆனால் கழிவுநீர்க் கட்டுரையில் போட்டால் எந்தக் கழிவு என்பார்கள். 'இழப்பு' என்றால் உராய்வு இழப்பு, அழுத்த இழப்பு என்று குழாய்க் கணக்கில் ஏற்கெனவே பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. 'மிகைச்செலவு' சரிவருமா?

———

> 'மிகைச்செலவு' சரிவருமா?

வராது. மதிப்பீட்டைத் தாண்டிய செலவு என்றுதான் பொறியாளர் எடுத்துக்கொள்வார். இந்தக் கணக்கில் எதையும் மதிப்பீட்டோடு ஒப்பிடுவதே இல்லை.

ஒரு நகராட்சியில் இன்று 10 எம்.எல்.டி. (நாளுக்கு ஒரு கோடி லிட்டர்) கழிவுநீர். பக்கத்து ஊராட்சிகளை இணைத்தால் 20 ஆகும், இணைக்காவிட்டால் 10-லேயே நிற்கும். இணைப்பு நடக்குமா என்பதற்கு யாரும் நிகழ்தகவு தர முடியாது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு மூன்று திட்டங்கள். தொகை கோடி ரூபாயில், இன்றைய மதிப்பில், கட்டுமானச் செலவு மட்டும். விளக்கத்துக்காக வைத்த எண்கள்.

அ) 20-ஐயும் இப்போதே கட்டுவது: இரு நிலையிலும் 40.
ஆ) 10 கட்டி, அடுத்த 10-க்கு நிலமும் இணைப்புக் குழாய்களும் இப்போதே ஒதுக்குவது: இணைக்காவிட்டால் 25, இணைத்தால் 43.
இ) 10 மட்டும், ஒதுக்கீடு எதுவும் இல்லை: இணைக்காவிட்டால் 22. இணைத்தால் புது நிலம், புது உந்து நிலையம் என்று 55.

ஒவ்வொரு நிலைக்கும் மிகக் குறைந்த செலவு எது என்று பார்க்க வேண்டும்: 22, 40. அந்தந்த நிலையின் செலவுகளிலிருந்து அதைக் கழித்தால் அ-வுக்கு 18, 0. ஆ-வுக்கு 3, 3. இ-க்கு 0, 15. திட்டவாரியாகப் பெரிய எண் 18, 3, 15. அதில் சிறியது 3, ஆகவே ஆ. கவனியுங்கள், ஆ எந்த நிலையிலும் மலிவானது இல்லை. இதைத்தான் மன்றக் கூட்டத்தில் விளங்கவைப்பது கடினம். வழக்கமாக நடக்கும் பிழை, ஒரே திட்டத்தின் இரு நிலைச் செலவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பது. அ-வுக்கு அப்படிக் கழித்தால் 0 வந்து அதுவே சிறந்ததாகத் தெரியும். 'மிகைச்செலவு' என்ற பெயர் அந்தப் பிழைக்கு வழி திறந்துவிடும்.

என் பரிந்துரை: 'பின்னறி மிகை'. நடந்தது தெரிந்த பிறகு, எவ்வளவு மிச்சப்படுத்தியிருக்கலாம் என்ற தொகை.

———

> என் பரிந்துரை: 'பின்னறி மிகை'.

கணக்குப் போடுவது முன்கூட்டித்தானே, பிறகு 'பின்னறி' எப்படி?

இன்னொன்று. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொருந்தும் உதாரணத்தை வைத்துச் சொல்லை முடிவுசெய்யாதீர்கள். குழாயைப் பாதி பாதியாகப் போட முடியாது. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சிபிஎச்இஇஓ-வின் கையேடு கழிவுநீர்க் குழாய்க்கு 30 ஆண்டும் பம்புக்கு 15 ஆண்டும் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். பம்பை மாற்றலாம், தெருவை மறுபடி தோண்டுவது யாருக்கும் பிடிக்காது. அதே சரிவில் 300 மி.மீ. குழாயை 375 ஆக்கினால் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் திறன் சுமார் 80 சதவீதம் கூடும். பள்ளம், நீர் இறைப்பு, சாலைச் சீரமைப்பு ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே குழாயைப் பெரிதாகப் போட்டால் வரும் மிகை சிறியது, சிறிதாகப் போட்டால் பெரியது.

ஆனால் பெரிய குழாய் என்ற சாக்கில் சரிவைக் குறைத்து, தோண்டும் ஆழத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். கேடு அங்கேதான். தொடக்க ஆண்டுகளின் உச்ச ஓட்டத்தில் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மணல் படியும், கழிவு அழுகி ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், கான்கிரீட் குழாயின் மேல்வளைவு அரிக்கும். இந்தச் செலவு கட்டுமானத் தொகையில் வராது. பராமரிப்பையும் சேர்த்துத்தான் பின்னறி மிகையைக் கணக்கிட வேண்டும் என்று விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

———

> முன்கூட்டித்தானே, பிறகு 'பின்னறி' எப்படி?

பின்னால் அறியப்போவதை இன்றே கணக்கிடுகிறோம். 'முன்னறிவிப்பு' பழகிய காதுக்குப் 'பின்னறி' உறுத்தாது. பராமரிப்பைச் சேர்ப்பது சரி, எழுதிவிடலாம்.

அட்டவணைத் தலைப்புகள் இப்படி: 'நிலைக்கான குறைந்த செலவு', 'பின்னறி மிகை', 'மீப்பெரு மிகை'. 1951-ல் புள்ளியியலாளர் லெனார்ட் சாவேஜ் முன்வைத்த, திட்டவாரியான பெரிய மிகைகளில் சிறியதைத் தேரும் இந்த முழு விதிக்கு 'மீப்பெரு மிகையைக் குறைத்தல்' போதும், சுருக்க வேண்டாம். ஒப்பிட்ட திட்டங்களின் பட்டியலையும் அட்டவணைக்கு மேலேயே கொடுக்க வேண்டும். நான்காவதாக ஒன்றை நுழைத்தால் குறைந்த செலவு மாறி, தேர்வே மாறக்கூடும்.

'நோ ரிக்ரெட்' பணிகளுக்கு 'மிகையில்லாப் பணி' என்றால் தட்டையாக இருக்கிறது. மொட்டைமாடி மழைநீர் இணைப்புகளைத் துண்டிப்பது, தாழ்ந்து கிடக்கும் மேன்ஹோல் மூடிகளை உயர்த்துவது, ஊர் வளர்ந்தாலும் வளராவிட்டாலும் வீண்போகாத வேலைகள் இவை. 'எந்நிலைப் பணி' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.