வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை: மூன்றையும் சேர்த்துப் போடலாமா?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா ஃபைபர் படகில் கடலுக்குச் சென்று வருபவர். முதுகுவலிக்காக மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையைப் பல மாதங்களாகக் காலையும் இரவும் போட்டுக்கொள்கிறார். இந்த வாரம் காய்ச்சலும் சளியும் வந்துவிட்டதால், டோலோ 650 மூன்று வேளை, கடைக்காரர் கொடுத்த சளி மாத்திரை மூன்று வேளை என அவையும் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் வெவ்வேறு தொந்தரவுக்கு என்பதால் ஒன்றும் ஆகாது என்கிறார். மாலையில் மது அருந்தும் பழக்கமும் அவருக்கு உண்டு. நேற்று முதல் குமட்டலாக இருக்கிறது, சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்கிறார். இது காய்ச்சலால்தானா? வலி மாத்திரை அட்டையின் பின்புறம் ‘அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.’ என்று இருக்கிறது. சளி மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்திருப்பதால், அந்தத் துண்டில் காலாவதித் தேதியின் பாதியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

மருந்தாளுநர் (லாஸ்பேட்டை) எழுதியது:

சகோதரி, மீதியைப் படிக்கும் முன் அந்த மூன்று மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, அப்பாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரைகளை எண்ணாமல் மில்லிகிராமைக் கூட்டிப் பாருங்கள். டோலோவில் இருப்பதும் பாராசிட்டமால்தான்; மூன்று வேளைக்கு 1950 மி.கி. ஆகிறது. வலி மாத்திரை இரண்டில் 650. சளி மாத்திரைகள் பலவற்றில் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கும், உங்களுடையதும் அப்படியானால் மூன்றுக்கு 1500. மொத்தம் 4100 மி.கி. கல்லீரல் நன்றாக இருக்கும் பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4000 மி.கி.தான் உச்சவரம்பு. தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் மருத்துவர்கள் அதையும் குறைத்துவிடுவார்கள்.

பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் வெளியேற்றிவிடும். சிறு பகுதி மட்டும் நச்சாக மாறும், அதைக் குளூட்டாதயோன் என்ற பொருள் முறித்துவிடும். மருந்து மிகும்போது அந்த இருப்பு தீர்ந்துபோய், மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்குகிறது. தொடர்ந்து குடிப்பவருக்கு நச்சு கூடுதலாக உருவாகிறது, இருப்போ முன்பே குறைந்து கிடக்கிறது.

அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. மருந்தின் பெயரும் அளவும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கடையில் கேட்டு, இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செவிலியர் (மஞ்சக்குப்பம்) எழுதியது:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். பாராசிட்டமால் மிகுந்துவிட்டால், முதல் 24 மணி நேரத்தில் வெறும் குமட்டலோ வாந்தியோதான் இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. அடுத்த ஓரிரு நாளில் வலப்பக்க விலாவின் கீழ் வலி வரும். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள் காமாலை, இரத்தம் உறையாமை, மயக்கம் என்று முற்றக்கூடும். மனம் உடைந்து ஒரே நேரத்தில் நிறைய மாத்திரை விழுங்கியவர்களை அழைத்து வரும் குடும்பத்தினர், மறுநாள் காலை அவர் எழுந்து உட்கார்ந்து பேசுவதைக் கண்டு, ‘நன்றாகத்தானே இருக்கிறார், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அவர் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். அசிட்டைல்சிஸ்டைன் என்ற நச்சுமுறி மருந்து உண்டு. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் செலுத்தினால் கல்லீரல் பெரும்பாலும் காப்பாற்றப்படும், தாமதமாக வந்தாலும் கொடுப்போம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; 108-ஐ அழைத்து, மீதமுள்ள அட்டைகளையும் கையோடு கொண்டு வாருங்கள். அப்படி மனம் உடைந்திருப்பவர் யாரேனும் இதைப் படித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பது சிறுகச் சிறுகச் சேர்ந்த மிகை. இதில் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாகத் தெரிந்தாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். கல்லீரல் பரிசோதனையோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் இரத்தம் உறையும் நேரமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உப்பளக்காரர் (புதுச்சேரி) எழுதியது:

அசிக்ளோஃபெனாக்கையும் மறந்துவிட வேண்டாம். அது டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியின் இனம். வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வெயிலில் தண்ணீர் போதாமல் கடலில் இருந்துவிட்டு வருபவருக்கு, அதிலும் இரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவருக்கு, ஆபத்து கூடுதல். மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று அவரிடம் கேளுங்கள். டெங்குவாக இருந்தால் இவ்வகை மாத்திரை இரத்தக்கசிவையும் கூட்டிவிடும். ஆகவே காய்ச்சல் எதனால் என்று தெரியும்வரை அதைத் தொடவே கூடாது.

கெடிலக்கரை எழுதியது:

உடனே பதில் சொன்ன மூவருக்கும் நன்றி. அப்பாவைச் சேர்த்துவிட்டோம். மூன்று மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். நாளையும் ஒருமுறை எடுப்பார்களாம். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் 500 மி.கி. இருப்பதாகக் கடையில் எழுதித் தந்தார்கள். முதுகுவலிக்கு மேலே தடவும் களிம்பாவது போடலாமா?

மருந்தாளுநர் (லாஸ்பேட்டை) எழுதியது:

களிம்பிலிருந்து உடலுக்குள் சேரும் மருந்து குறைவுதான். ஆனாலும் கிரியாட்டினின் முடிவு வந்த பிறகு, வார்டு மருத்துவரிடம் களிம்பைக் காட்டிக் கேட்டுவிட்டுத் தடவுங்கள்.