கல்லூரி நூலகத்திலிருந்து நிறுவன வேலைக்கு: எங்கே தேடுவது, எதைக் காட்டுவது?

பட்டியலாளர்_கோவை

பி.எஸ்சி. வேதியியல், எம்.எல்.ஐ.எஸ்சி. (நூலக அறிவியல்), யுஜிசி நெட் தேர்ச்சி. கோவைப் பக்கம் தனியார் பொறியியல் கல்லூரியில் உதவி நூலகராக இருக்கிறேன். கோஹா நூலக மென்பொருள், மார்க் 21 பட்டியல் வடிவம், டெல்நெட் நூலக வலையமைப்பு, நாக் தரமதிப்பீட்டுக் கோப்பு வேலை எல்லாம் தெரியும். நிறுவன வேலைக்கு மாற நினைக்கிறேன். நௌக்ரி வேலைத் தளத்தில் ‘லைப்ரேரியன்’ என்று தேடினால் பள்ளி, கல்லூரி வேலைகள்தான் வருகின்றன. நிறுவனங்களுக்குப் போட்ட விண்ணப்பம் எதற்கும் பதில் இல்லை. படிப்பு போதவில்லையா, ரெஸ்யூம் சரியில்லையா, தேடுகிற இடமே தவறா?

சந்தாக்கணக்கு

தேடுகிற சொல்தான் தவறு. நிறுவனங்களில் அந்தப் பதவிப் பெயர் அரிது. ‘இன்ஃபர்மேஷன் ஸ்பெஷலிஸ்ட்’, ‘நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்’, ‘டாக்சானமிஸ்ட்’, ‘லிட்ரேச்சர் சர்ச்’ என்று போட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, தரவுத்தளத்தின் பெயரைப் போட்டுத் தேடுவது. மனுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் கேட்டால் சட்ட நிறுவனம். ஃபேக்டிவா என்றால் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனம் அல்லது வங்கி. டெர்வென்ட் காப்புரிமைத் தேடலுக்கு, எம்பேஸ் மருந்துத் துறைக்கு. பதவிக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது நம் வேலைதான். வேதியியல் படித்தவருக்குக் கடைசி இரண்டும் நன்றாகப் பொருந்தும்.

ரெஸ்யூமில் நூல்களின் எண்ணிக்கை, கருத்தரங்குச் சான்றிதழ்ப் பட்டியல் இரண்டையும் எடுத்துவிடுங்கள். நெட்டுக்கு ஒரு வரி போதும். அந்த இடத்தில் சந்தாக் கணக்கு வரட்டும். உங்கள் கல்லூரி ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர் என்ற பொறியியல் ஆய்விதழ்த் தொகுப்பை வாங்குகிறது என்றால், கவுன்ட்டர் அறிக்கையை (எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு) இறக்கி, ஆண்டுச் சந்தாவை ‘யூனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்’ எண்ணால் வகுங்கள். ஒரு கட்டுரைக்கு எவ்வளவு செலவு என்று வந்துவிடும். ‘டோட்டல்’ எண்ணை எடுக்காதீர்கள். ஒரே கட்டுரையைத் திரையில் படித்துவிட்டு பிடிஎஃப்பும் இறக்கினால் அது இரண்டாகச் சேரும், செலவு பாதியாகத் தெரியும். விவரம் தெரிந்தவர் நேர்காணலில் அங்கேதான் பிடிப்பார். தொகையை வெளியே சொல்லக் கல்லூரி ஒப்பந்தம் இடம் தராவிட்டால் சதவீத மாற்றத்தை மட்டும் எழுதுங்கள்.

தேடல்வழி

மேலே சொன்னது சரி. ஆனால் ரெஸ்யூமை மட்டும் திருத்தினால் போதாது, கூடவே ஒரு மாதிரி வேலையை இணையுங்கள். நிறுவனம் பார்ப்பது ஒன்றைத்தான்: கேட்ட கேள்விக்குக் கேட்ட நேரத்துக்குள் நம்பத்தகுந்த விடை வருமா?

மருந்துப் பாதுகாப்புத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைப்படி, மருந்தை விற்கும் நிறுவனம் வாரம் ஒரு முறையாவது ஆய்விதழ்களைத் தேடிப் பக்கவிளைவுச் செய்திகளைப் பார்க்க வேண்டும். அடையாளம் காணத்தக்க நோயாளி, தகவல் தந்தவர், சந்தேக மருந்து, பக்கவிளைவு ஆகிய நான்கும் இருந்தால் அது முறையான பக்கவிளைவு அறிக்கை. தீவிரமானதை ஒழுங்குமுறை அமைப்புக்கு 15 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். தேடும் வேலையை வெளி நிறுவனத்திடம் விட்டிருந்தால், அங்கே ஒருவர் அதைப் பார்த்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடும். அதனால்தான் தேடத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு.

பப்மெட் என்ற மருத்துவ ஆய்விதழ்த் தரவுத்தளம் இலவசம். அதில் பாராசிட்டமாலும் கல்லீரல் பாதிப்பும் என்று ஒரு வாராந்திரத் தேடல் அமையுங்கள். கவனிக்க வேண்டியவை: பப்மெட்டின் தரப்படுத்திய சொல்தொகுதியான மெஷ்ஷில் அந்த மருந்துக்குத் தலைப்பு ‘அசிட்டமினோஃபென்’. வெறுமனே பாராசிட்டமால் என்று அடித்தால் பப்மெட்டே அதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேற்கோள் குறி போட்டாலோ, சொல்லை வெட்டி நட்சத்திரக் குறி வைத்தாலோ அந்த இணைப்பு அறுந்துவிடும். மெஷ் தலைப்பை மட்டும் நம்பவும் முடியாது. பப்மெட்டின் முக்கியப் பகுதியான மெட்லைனில் சேராத பதிவுகளுக்கு மெஷ் சொல்லே இருக்காது. ஆகவே மெஷ் ஒரு பக்கம், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சொற்கள் இன்னொரு பக்கம், நடுவில் ‘ஆர்’ (OR) என்ற இணைப்புச் சொல்.

பலர் சறுக்குவது தேதியில். வாரத் தேடலை வெளியீட்டுத் தேதியால் வடிகட்டக் கூடாது. இதழின் தேதி ஒன்றாக இருக்கும், பதிவு பப்மெட்டுக்குள் வந்த நாள் வேறாக இருக்கும்; தாமதமாக வந்தது கண்ணில் படாமலே போய்விடும். பதிவு உருவான தேதியைப் பயன்படுத்துங்கள்.

மாதிரியில் இருக்க வேண்டியவை: தேடல் வரி, தேடிய நாள், வந்த எண்ணிக்கை, ஒவ்வொன்றையும் ஏற்றதற்கோ தள்ளியதற்கோ காரணம், முதல் பக்கத்தில் ஐந்து வரி முடிவு. மொத்தம் மூன்று பக்கம் தாண்ட வேண்டாம்.

உரிமம்_முதலில்

அந்த மாதிரியில் கட்டுரைகளின் பிடிஎஃப்பை இணைத்துவிடாதீர்கள். கல்லூரிச் சந்தாவில் இறக்கியதை வெளி நிறுவனத்துக்கு அனுப்புவது உரிம மீறல், நேர்காணல் எடுப்பவருக்கும் அது உடனே தெரியும். மேற்கோள் விவரமும் டிஓஐயும் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) போதும்.

கல்லூரியில் ஊறிய பழக்கம் நிறுவனத்தில் சிக்கலில் மாட்டிவிடும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52ஆம் பிரிவு, இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ள நூலகத்தை அனுமதிக்கிறது. ஆனால் அது வணிக நோக்கமற்ற பொது நூலகத்துக்கு மட்டும். கற்பித்தலுக்கான விலக்கும் நிறுவனத்துக்குப் பொருந்தாது. அங்கே கட்டுரையை விலைக்கு வாங்க வேண்டும், அல்லது காப்பிரைட் கிளியரன்ஸ் சென்டர் போன்ற இடத்தில் உரிமம் எடுத்திருக்க வேண்டும். ‘ஒரு கட்டுரையை எட்டுப் பேருக்கு அனுப்பச் சொன்னால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் இணைப்பை மட்டும் அனுப்புவேன், உரிமத்தைப் பார்த்த பிறகே கோப்பு என்று சொல்லுங்கள்.

நியமன_மேசை

ஆஃபர் வந்த பிறகு கைநழுவுவதும் உண்டு. அசல் சான்றிதழ்கள் கல்லூரியிடம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வையுங்கள். செமஸ்டர் முடிந்தால்தான் விடுவிப்போம் என்று நியமன உத்தரவில் இருக்கிறதா பாருங்கள். நேர்காணலிலேயே அந்தத் தேதியைச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று இனிஷியல். பட்டத்தில் ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பிஎஃப் கணக்கில் வேறு வரிசை என்றால் பின்னணிச் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். ஆதார், பான், பிஎஃப் மூன்றையும் முதலில் ஒன்றாக்குங்கள்.

பட்டியலாளர்_கோவை

எல்லோருக்கும் நன்றி. தேடல்வழி, எம்பேஸ் எங்கள் கல்லூரியில் இல்லை. விளம்பரங்களில் அதைத்தான் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

தேடல்வழி

எல்செவியரே எம்பேஸ் பயிற்சிக் காணொளிகளை இலவசமாக வைத்திருக்கிறது, பாருங்கள். அதன் சொல்தொகுதி எம்ட்ரீ. அங்கே தலைப்பு ‘பாராசிட்டமால்’தான். ஆகவே பப்மெட்டில் எழுதிய வரியை அப்படியே ஒட்டக் கூடாது, ஒவ்வொரு தலைப்பையும் மாற்றி எழுத வேண்டும். உங்கள் பப்மெட் வரிக்குப் பக்கத்தில் எம்ட்ரீ வடிவத்தையும் எழுதி மாதிரியில் சேருங்கள். ரெஸ்யூமில் ‘பப்மெட்: செய்முறை, எம்பேஸ்: பயிற்சி மட்டும்’ என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள், நேர்காணலில் திரையைப் பகிரச் சொல்லி நேரடியாகத் தேட வைப்பார்கள்.