அத்தையின் கிரெடிட் கார்டு: இரண்டு வருஷமாக மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார், என்ன செய்வது?

திருத்தணிக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அத்தைக்கு 64 வயது, நகரியில் தனியாக இருக்கிறார். மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு தனியார் பள்ளியில் ஆயாவாக இருந்தார், சம்பளம் போட்ட வங்கியே ஒருநாள் போன் செய்து உங்களுக்கு கார்டு ரெடி என்று சொல்லி அனுப்பி வைத்திருக்கிறது. வேலையை விட்டு இரண்டரை வருஷம். இப்போது வருமானம் என்றால் ஒன்றாம் தேதி வீட்டுக்கே வந்து கையில் கொடுக்கும் 4,000 ரூபாய் ஆந்திரா பென்ஷன் (எங்கள் பக்கம் இவ்வளவு கிடையாது, எல்லைக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டிருக்கலாம் என்று அம்மா அடிக்கடி சொல்வார்), அப்புறம் பக்கத்துத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பதில் வாரம் 600, 700. அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வந்தவர் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காமல் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தார். நான் எடுத்தேன், எதிரில் ஹிந்தியில் ஒரு பெண். அப்புறம்தான் மெதுவாக விஷயம் வெளியே வந்தது. பேத்தியின் நர்சிங் படிப்புக்கு ஃபீஸ், முழங்காலுக்கு மருந்து, அவசரத்துக்கு இரண்டு தடவை ஏடிஎம்மில் பணம் என்று இப்போது பாக்கி 74,000. பில்லில் குறைந்தது இவ்வளவு கட்டவேண்டும் என்று போடுகிற மினிமம், மாதம் 3,700 கட்டுகிறார். பென்ஷன் அப்படியே அதற்குப் போய்விடுகிறது, சாப்பாடு தார் சுற்றும் காசில். "தப்பாமத்தான்டா கட்டுறேன், இறங்கவே மாட்டேங்குது" என்கிறார். போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் தள்ளிக் கட்டியதற்குத் தாமதக் கட்டணம் வேறு போட்டிருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட் எல்லாம் ஆங்கிலத்தில், அத்தைக்குத் தெலுங்கு பேச வரும், படிக்கத் தமிழ் மட்டும்தான்.

நான் பர்சனல் லோன் போட்டுக் கட்டிவிடலாமா? என் காசை வாங்கமாட்டேன் என்று பிடிவாதம். அங்கே ஒரு கடைக்காரர் கார்டைக் கொடுங்கள், நானே பில்லைக் கட்டி மறுநாள் தேய்த்து எடுத்துக்கொள்கிறேன், கமிஷன் மட்டும் கொடுங்கள் என்கிறாராம். வீட்டை ஜப்தி செய்வார்களா என்று அவருக்கு ஒரே பயம்.

பழைய கேஷியர்:

தம்பி, முதலில் அந்தக் கடைக்காரரிடம் கார்டு போகவே கூடாது. அதற்கு ரொட்டேஷன் என்று பெயர். கடனில் ஒரு ரூபாய் குறையாது, மாதாமாதம் கமிஷன் மட்டும் மேலே ஏறும், கார்டும் பின் நம்பரும் அவர் கையில்.

இப்போது கணக்கு. ஸ்டேட்மென்ட்டில் மாத வட்டி எவ்வளவு என்று பாருங்கள், பெரும்பாலும் மூன்றரை சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 74,000க்கு மூன்றரை என்றால் 2,590. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 466. ஆக 3,056 ரூபாய் வட்டிக்கே போகிறது. அத்தை கட்டும் 3,700இல் அசலில் கழிவது 644 ரூபாய்தான். புதிதாக ஒரு பைசா தேய்க்காமல் இதே 3,700ஐக் கட்டினாலும் 43 மாதம் ஆகும், கையை விட்டுப் போவது ஒன்றரை லட்சத்துக்கு மேல். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும், அதை மட்டும் கட்டினால் இன்னும் இழுக்கும். முழுப் பில்லையும் கட்டாதவரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் அன்றிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் எடுத்ததற்கோ எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டிதான், மேலே தனிக் கட்டணம். கவுண்டருக்கு வந்து அழுதவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. சொல்லித் தரவேண்டிய நாங்களும் சொன்னதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வங்கியிடம் பாக்கியை முழுவதும் ஈஎம்ஐ ஆக்கித் தரச் சொல்லுங்கள். வருஷத்துக்கு 15 சதவீதம் வாக்கில் வந்தாலே வட்டி பாதிக்குப் பாதி இறங்கிவிடும். போனில் வேண்டாம், அத்தை பெயரிலேயே மெயில் போடுங்கள், இப்போது சம்பளம் இல்லை, பென்ஷன் மட்டும்தான் என்று எழுதி. கார்டில் புதுச் செலவையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாமதக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் அதைப் போடலாம் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அப்புறம் ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பாருங்கள், கேட்காமலே ஏதாவது பாதுகாப்புத் திட்டம், இன்ஷூரன்ஸ் என்று மாதாமாதம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அடமானம் இல்லாத கடன் இது, நேராக வந்து பூட்ட முடியாது. கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கினால்தான் மேற்கொண்டு எதுவும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

எங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான். நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். வசூலுக்கு வந்த ஆள், 30,000 கொடுங்கள், கணக்கை முடித்துவிடுகிறேன் என்றார். அப்பா முதல் தவணையாகப் பத்தாயிரத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் கணக்கில் ஏறவே இல்லை, அந்த ஆள் நம்பரும் போய்விட்டது. செட்டில்மென்ட் என்றால் வங்கியின் கடிதம் முதலில் கையில் வரவேண்டும், பணம் கார்டு கணக்குக்கே போகவேண்டும், முடிந்ததும் பாக்கி இல்லை என்று இன்னொரு கடிதம். அப்படியே முடித்தாலும் சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவில், முழுக் கடனும் அடையவில்லை என்று பதிவாகும்.

வசூல் ஆட்கள் காலை எட்டுக்கு முன், மாலை ஏழுக்குப் பின் கூப்பிடக்கூடாது, அக்கம்பக்கத்தில் சொல்லி மானத்தை வாங்கக்கூடாது. எங்கள் வீட்டுக்கு ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டதை எல்லாம் குறித்துவைத்து வங்கிக்கு எழுதினேன், 30 நாளாகியும் பதில் இல்லை, வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போட்டேன், அதற்கப்புறம் போன் அடங்கியது. ரிசர்வ் வங்கியின் 14448இல் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், எனக்கு மலையாளத்தில் பேசினார்கள். ஒருவேளை நோட்டீஸ் வந்தால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100.

இன்னொன்று. அத்தையிடம் ஏதாவது நகை இருக்கிறதா? கழுத்தில் கிடப்பதைச் சொல்லவில்லை, பெட்டியில் கிடப்பது. வங்கியில் நகைக்கடன் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான். சேட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

சும்மா ஒருத்தன்:

எதுக்குக் கட்டணும்? 64 வயசு, பெரிய சொத்து இல்லை, பென்ஷன் கையில் வருது. விட்டுத் தள்ளச் சொல்லுங்க. ரெண்டு வருஷம் கத்திட்டுப் போய்டுவாங்க.

பழைய கேஷியர்:

ஒருத்தரே, கட்டாமல் விட்டால் சட்டப்படி ஜெயில் இல்லைதான், செக் கொடுத்துத் திரும்பினால்தான் அது வேறு விவகாரம். ஆனால் அதே வங்கியில் சேமிப்புக் கணக்கில் பத்து ரூபாய் இருந்தாலும் கழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைவிட, போனைக் கவிழ்த்து வைக்கிற மனுஷிக்கு "கத்திட்டுப் போய்டுவாங்க" என்பது வைத்தியம் இல்லை. பேத்தி நாளைக்குப் படிப்புக்கடன் கேட்டுப் போகும்போது கூடக் கையெழுத்துப் போட ஆள் வேண்டாமா?

திருத்தணிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு ஞாயிறு பஸ் பிடித்து நகரி போனேன். மஞ்சள் பையில் இருந்த ஸ்டேட்மென்ட்டை எல்லாம் தரையில் பரப்பி வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கேஷியர் சார் சொன்னது அப்படியே, மாதம் 199 ரூபாய் ஒரு பாதுகாப்புத் திட்டம், 14 மாதமாக. அத்தைக்கு அது என்னவென்றே தெரியாது. மெயில் போட்டோம். ஆறு மாதப் பணத்தை மட்டும் திருப்பினார்கள், மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாமதக் கட்டணத்தைத் திருப்பிவிட்டார்கள். ஈஎம்ஐக்கு மட்டும் முடியாது என்றுவிட்டார்கள், வருமானச் சான்று இல்லையாம். கார்டு கொடுக்கும்போது அவர்களே தேடி வந்தார்கள் என்பதை மெயிலில் எழுதினேன், அதற்குப் பதில் இல்லை.

மறுபடியும் என் பணம் என்றதும் முகம் மாறிவிட்டது. "என் பேர்ல இருக்கற கடன், உனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன். பிறகு அக்கா சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து போய் பேத்தி கல்யாணத்துக்கென்று வைத்திருந்த இரண்டு வளையலை எடுத்துக்கொண்டு வந்தார். வேறொரு வங்கியில் வைத்தோம், வருஷத்துக்கு ஒன்பதேகால் சதவீதம், 73,000. வட்டி மாதம் 560 வாக்கில்தான் வருகிறது என்றதும் அத்தை இரண்டு தடவை கேட்டார், மாதத்துக்கா, வாரத்துக்கா என்று. அதே 3,700ஐ இதில் கட்டினால் இரண்டு வருஷத்துக்குள் வளையல் திரும்ப வந்துவிடும், ஒரு மாதம் முடியாமல் போனாலும் மூச்சு முட்டாது. வருஷக் கெடுவில் புதுப்பிக்க மறந்தால் ஏலம் என்பதால் தேதியை அத்தை வீட்டுக் காலண்டரில் நானே வட்டம் போட்டேன்.

கார்டு பாக்கி முழுதும் கட்டி, மூடச் சொல்லி எழுதியாகிவிட்டது. ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும், தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் தரவேண்டும் என்று படித்தேன். இன்றோடு ஆறு நாள். கடிதம் வரவில்லை. அத்தை தினமும் போன் செய்து, "ஐந்நூறு ஆரம்பிச்சிடுச்சாடா?" என்று கேட்கிறார்.