புதுப்பிப்பு: மங்கிய சிவப்பு காருக்கு பாலிஷா, வேக்ஸா?

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: 9 ஆண்டு ஓடிய சிவப்பு கார், போர்வெல் தண்ணீர் விட்டுச்சென்ற வெள்ளைப் புள்ளிகள், வெயிலில் மங்கிய பானெட், பாலிஷ் போடுவதா, வேக்ஸ் போடுவதா என்று. முதலில் பாலிஷ், பிறகு வேக்ஸ் என்றீர்கள். அப்படியே செய்தேன்.

வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்ததில் பாதிப் புள்ளிகள் போயின. மீதியை பாலிஷ் எடுத்தது. அது மேல்பூச்சான கிளியர் கோட்டையே மெல்லிதாகச் சுரண்டுகிறது என்பதால், பூச்சு மெலிந்திருக்கும் கதவு விளிம்புகளில் கையை அடக்கிக்கொண்டேன். வேக்ஸ் கீறலைப் போக்காது; மேலே அமர்ந்து காக்கும், அவ்வளவுதான். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா வேக்ஸை வாங்கினேன். வேக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான சிந்தெடிக் சீலன்ட் கூடுதல் நாள் உழைக்கும். என் கண்ணுக்கு அதன் பளபளப்பில் உயிரில்லை.

காலை நிழலில், மெல்லிய பூச்சாக வேக்ஸ் போட்டேன். "காருக்கு எண்ணெய்க் குளியலா, தம்பி?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. சிரித்த கவனக்குறைவில் பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் வேக்ஸ் பட்டு வெளுத்துவிட்டது. பழைய பல் பிரஷும் சோப்பு நீருமாக அரை மணி நேரம் போயிற்று.

நேற்றைய மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடியது. காகங்களுக்கு மட்டும் எந்த மரியாதையும் வரவில்லை.