ஒரு கூடை பீச் பழம்: கறுக்காமல், பஞ்சாகாமல் உறையவைப்பது எப்படி?

கேள்வி (கனடாவின் ஸ்காபரோவிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஓகஸ்ட் மாதம் நயாகராவுக்குப் போய்த் திரும்பும் வழியில், பீம்ஸ்வில் தெருவோரக் கடையொன்றில் ஏறக்குறைய 25 இறாத்தல் பீச் பழம் வாங்கி வந்தோம். பழங்கள் சற்றுக் காயாக இருந்தாலும், வெயிலில் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அன்றிரவே அனைத்தையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு, ஐந்து நாள் கழித்தே தோல் சீவித் துண்டுகளாக்கிப் பைகளில் இட்டு ஃப்ரீசரில் வைத்தேன். தை மாதம் முதற் பையைப் பிரித்தபோது துண்டுகள் தேநீர்ச் சாயம் ஏறியதைப்போலப் பழுப்பாக இருந்தன; வாயில் வைத்தால் நனைந்த பஞ்சைக் கடிப்பது போலிருந்தது. மொத்தத்தையும் வீசவேண்டியதாயிற்று.

அம்மாவுக்குப் பல் இல்லை. குளிர்காலத்தில் கடையில் கிடைக்கும் கல்லுப் போன்ற பழங்களை அவரால் உண்ண முடிவதில்லை என்பதால், இவ்வாண்டு அவருக்காகவே மீண்டும் முயலப்போகிறேன். எங்கே தவறினேன் என்பதையும், வெள்ளைச் சதையுள்ள பீச் கிடைத்தால் அதைப் போத்தலில் அடைத்து வைக்கலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (செயின்ட் கத்தரின்ஸிலிருந்து)

அன்புச் சகோதரிக்கு, உங்கள் பழம் ஃப்ரீசருக்குள் போகும் முன்பே கெட்டுவிட்டது. நான் இங்குள்ள பழத்தோட்டங்களில் பல கோடைகாலங்கள் வேலை செய்தவன். ஆண்டுதோறும் பலர் இதே தவற்றைச் செய்து மனம் நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பழுக்காத பீச்சை ஏறத்தாழ 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் நாட்கணக்கில் வைத்தால், அதன் சதையிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் முறையாகக் கரையாமல் சாற்றைத் தன்னுள் பிணைத்துக்கொள்கிறது. அதன் பின் எத்தனை நாள் வெளியில் வைத்தாலும் பழம் மென்மையாகுமே தவிர, சாறு ஊறாது. நீங்கள் சொன்ன பஞ்சுத்தன்மை அங்கிருந்துதான் வருகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல்.

எனவே பழங்களை மேசையில் ஒரு துணி விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்க, ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வையுங்கள். சிவப்பு நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெயில் பட்ட பக்கத்தைக் காட்டுமே ஒழியப் பழுத்ததைக் காட்டாது. காம்புக் குழியைச் சுற்றியுள்ள பச்சை முழுவதும் போய், நல்ல மஞ்சளாக மாறியிருக்கவேண்டும். பழத்தின் தோளில், அதாவது காம்புக் குழியை அடுத்த மேற்பகுதியில், பெருவிரலால் மெதுவாக அமுக்கினால் சற்று இணங்கவேண்டும், அறைக்குள் நுழையும்போதே வாசனை வரவேண்டும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாளில் அந்த நிலை வந்துவிடும். எல்லாம் ஒரே நாளில் பழுக்கா. பழுத்தவற்றை மட்டும் பொறுக்கி அன்றன்றே வேலையை முடியுங்கள். பழுத்த பிறகு ஓரிரு நாள் குளிரில் வைப்பதால் கேடில்லை.

வாங்கும்போது கொட்டையிலிருந்து சதை எளிதில் பிரியும் இனத்தைக் கேட்டு வாங்குங்கள். மிச்சிகன் மாநிலத்தின் சவுத் ஹேவனில் உருவாக்கப்பட்டு 1940இல் வெளியான ரெட் ஹேவன் இனம் நயாகராவில் ஓகஸ்ட் முற்பகுதியில் வருகிறது. நன்றாகப் பழுத்தால் மட்டுமே கொட்டையை விடும். ஜூலையில் வரும் முந்திய இனங்கள் பெரும்பாலும் கொட்டையோடு ஒட்டிக்கொண்டு துண்டு போட விடா. அவை உடனே உண்பதற்கு நல்லவை, உறையவைப்பதற்கு அல்ல.

மறுமொழி 2 (மிசிசாகாவிலிருந்து)

அண்ணா பழுக்கவைக்கும் பகுதியைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பழுப்பு நிறத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். வெட்டிய சதையில் காற்றுப் பட்டவுடன் பழத்திலுள்ள நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. உறைகுளிரில் அது மெதுவாகுமே தவிர அழிவதில்லை. ஆகவே வெறும் பையில் இட்டால் கறுப்பது உறுதி. துண்டுகளைக் காற்றிலிருந்து மறைக்கவேண்டும், விற்றமின் சி சேர்க்கவேண்டும்.

நான்கு கப் நீருக்கு இரண்டே முக்கால் கப் சீனி கரைத்து முதல் நாளே பாகு செய்து குளிரவையுங்கள். ஒரு லீற்றர்ப் பாகுக்கு அரைத் தேக்கரண்டி அஸ்கார்பிக் அமிலத் தூள் (விற்றமின் சி தான் இது) போதும். தூள் கிடைக்காவிட்டால் 500 மில்லிகிராம் விற்றமின் சி மாத்திரை மூன்றை இடித்துப் போடலாம். பாகு சற்றுக் கலங்கும், ருசிக்குக் குறைவில்லை. தேசிக்காய்ப் புளி அந்த அளவுக்கு உதவாது, பழத்தின் மணத்தையும் அமுக்கிவிடும்.

தோலை உரிக்கக் கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அமிழ்த்தி, உடனே ஐஸ் நீருக்கு மாற்றினால் தோல் சட்டையைப்போலக் கழன்றுவிடும். ஆனால் மேற்சதை சிறிது வெந்து நொய்ந்துபோகும் என்பதால், உறையவைப்பதற்கு நான் கத்தியால்தான் சீவுகிறேன். அரை லீற்றர்ப் பாத்திரத்தில் முதலில் அரைக் கப் பாகு ஊற்றிவைத்து, துண்டுகளை நேராக அதற்குள்ளேயே வெட்டிப் போடுங்கள். தட்டில் குவித்து வைத்துவிட்டுப் பிறகு பாகு ஊற்றுவதற்குள் முதல் துண்டுகளின் ஓரம் சிவந்துவிடும். மேலே அரை அங்குலம் இடம் விட்டு, கசக்கிய மெழுகுத்தாள் ஒன்றை மேலே அமுக்கினால் மிதக்கும் துண்டுகளும் பாகுக்குள் இருக்கும். ஒரு கன அடி ஃப்ரீசருக்கு ஒரு நாளில் இரண்டு, மூன்று இறாத்தலுக்கு மேல் புதிதாக வைக்காதீர்கள். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் சதையைக் கிழித்துவிடும். -18 பாகையில் வைத்தால் எட்டு மாதத்துக்கு மேலும் நன்றாக இருக்கும்.

மறுமொழி 3 (மார்க்கத்திலிருந்து)

போத்தல் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். வெள்ளைச் சதையுள்ள பீச்சைக் கொதிநீர் முறையில் போத்தலில் அடைக்காதீர்கள். மஞ்சள் சதையுள்ள பழத்தில் புளிப்பு போதுமான அளவு இருக்கிறது. வெள்ளையில் புளிப்புக் குறைவாக இருந்து, pH அளவு (புளிப்புக் குறையக் குறைய இந்த எண் கூடும்) 4.6 என்ற எல்லையைத் தாண்டக்கூடும், அப்போது பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி மூடிய போத்தலுக்குள் வளர இடமுண்டு. இதில் கைப்பக்குவத்தை நம்பக்கூடாது. வெள்ளை என்றால் ஃப்ரீசர் மட்டுமே.

கேட்டவர்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒன்றை எழுத மறந்துவிட்டேன்: அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது. சீனிப்பாகு இல்லாமல் செய்ய வழியுண்டா?

மறுமொழி 2 (மிசிசாகாவிலிருந்து)

உண்டு. சீனி பாதுகாப்புக்குத் தேவையானதன்று. நிறத்தையும் சதையின் உறுதியையும் காக்கத்தான் அது உதவுகிறது. ஒரு லீற்றர்க் குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி அஸ்கார்பிக் அமிலம் கரைத்து, பாகுக்குப் பதிலாக அதை ஊற்றுங்கள். மெழுகுத்தாளும் இட அளவும் முன்போலவேதான். துண்டுகள் சற்று நொய்வாக வரும், இனிப்பும் குறைவாகவே தெரியும். அதனால்தான் பழம் நன்றாகப் பழுத்திருக்கவேண்டும் என்று அண்ணா சொன்னது உங்களுக்கு இன்னும் முக்கியம். பழத்திலேயே உள்ள சீனியை மனத்திற்கொண்டு சிறிய பாத்திரங்களில், ஒரு வேளைக்கு ஒன்றாக வையுங்கள். முதல் நாள் இரவே மூடியைத் திறக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, நடுவில் இன்னும் சிறிது ஐஸ் இருக்கும்போதே அம்மாவுக்குக் கரண்டியோடு கொடுங்கள். முழுவதும் உருகிவிட்டால் துண்டு தளர்ந்துவிடும்.