நாமாகத் தேடிப்போன மனிதர்கள்: உங்களை வளர்த்த உறவு எது?

ஆரையம்பதி, தளபாட வேலை

எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில் ஒருவன் பிறக்கும்போதே பாதி உறவு தீர்மானமாகிவிடும். தாய் எந்தக் குடியோ (தாய்வழி வம்சம்) பிள்ளையும் அந்தக் குடி. அதே குடிக்குள் கலியாணம் இல்லை. கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். கோயில் மரியாதையிலிருந்து செத்த வீட்டு வேலை வரைக்கும் இந்தக் கணக்கு வரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெள்ளம் வந்தபோதும் சுனாமி வந்தபோதும் முதலில் ஓடிவந்தவர்கள் இந்த உறவுகள்தான். ஆனால் தொழிலில் என்னை ஆளாக்கியவர் எனக்கு எந்த வழியிலும் சொந்தமில்லாத ஒரு மனிதர். நானாகத் தேடிப்போன மனிதர். உங்களுக்கும் அப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள், அதற்காகத்தான் இதைத் தொடங்குகிறேன்.

ஓ.எல். முடிந்ததும் வேலை பழக எனக்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று சொந்த மாமாவின் பட்டறை. சம்பளம் அன்றன்றைக்கே கையில் வரும், பகலைக்கு மாமி சமைத்த சோறு, பிந்திப் போனாலும் ஏச்சு விழாது. மற்றது காத்தான்குடியில் ஒரு ஓடாவியார், மரவேலைக்காரர். பக்கத்து முஸ்லிம் ஊர்தான். ஆனால் 1990இல் தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கமும் நடந்த கொலைகளுக்குப் பிறகு வளர்ந்த எங்களுக்கு, அந்த எல்லையைத் தாண்டித் தொழில் பழகப் போவது சின்ன விசயமில்லை. அம்மா கொஞ்சநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அவர் செய்த அலுமாரி ஒன்று எங்கள் ஊர் வீட்டில் நின்றது. பழைய அலுமாரி. மாரிக்குக் கதவு இறுகாது, கோடைக்கு நீக்கலும் விழாது. இதைச் செய்த ஆளிடம்தான் பழக வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

நிலை ஒன்றைப் பூட்டி முடித்தால் பீடித்தாளைக் கிழித்து மூட்டுக்குள் விட்டுப் பார்ப்பார். தாள் உள்ளே போனால் ஏசமாட்டார். மரச்சுத்தியலால் தட்டிக் கழற்றி, கட்டைகளை எனக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவார். முதல்முறை எனக்குக் கண் கலங்கிவிட்டது. "காக்கா, இதுக்கு மேல வார்னிஷ் அடிக்கப் போறம். வீட்டுக்காரருக்கு இது தெரியாதே" என்றேன். (காக்கா என்றால் அங்கே அண்ணன்.) "அவருக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்கும் தெரியும்" என்றார்.

பின்னேரம் பட்டறை பூட்டுவதற்கு முதல் சி.ஆர். கொப்பியில் எழுத வைப்பார்: எத்தனை அடி முதிரை மரம் எடுத்தோம், எவ்வளவு கழிவு போனது, ஏன் போனது. "ஏன்" என்ற இடத்தை வெறுமையாக விட முடியாது. இன்றைக்கு நான் ஒரு கட்டிலுக்கு விலை சொல்லும்போது கை நடுங்காமல் சொல்வது அந்தக் கொப்பியால்தான்.

மாமாவுக்கு என்னில் பாசம் கூட. அதனாலேயே என் வேலையில் பிழை தெரிந்தாலும் "பரவால்ல மனே" என்று விட்டுவிடுவார். ஓடாவியாருக்கு என்னில் எதிர்பார்ப்பு இருந்தது. ஒருவன் வளர்வதற்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னுமொன்று. 'முன்னேற வேண்டுமென்றால் பழைய கூட்டத்தை வெட்டிவிடு' என்று யூடியூப்பில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சந்தியில் என்னோடு நின்ற பொடியன்மார்தான் இன்றைக்கும் லொறி வந்தால் பலகை இறக்க வருகிறார்கள். அவர்களை நான் விடவில்லை. அவர்களிடம் கிடைக்காத ஒன்றுக்காக இன்னொருவரிடமும் போனேன், அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியை

அண்ணா, அந்தப் பீடித்தாளை வாசித்ததும் எங்கள் வீட்டு விறாந்தை ஞாபகம் வந்தது.

ஏ.எல். படிக்கும்போது நாங்கள் நாலு பேர். பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று தெரியும்தானே: பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அப்படியென்றால் மட்டக்களப்பில் பயோ படிக்கும் ஒருத்திக்குப் போட்டி கொழும்பில் இல்லை, பக்கத்து வாங்கில் இருக்கிறது. நோட்ஸை ஒளிக்கிற பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. எங்கள் வீட்டிலும் மாமி ஒருவர் அம்மாவிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "அவளுக்குச் சொல்லிக் குடுத்தா இவள்ட இடம்தான் போகும்."

நாங்கள் நாலு பேரும் வேறு மாதிரி முடிவெடுத்தோம். டியூசன் முடிந்து வந்து பழைய வினாத்தாள் ஒன்றை எடுப்போம். கேள்வி தெரிந்தவள் வாய் திறக்கக்கூடாது. தெரியாதவள்தான் எழுந்து நின்று விளக்க வேண்டும். அவள் எங்கே தடக்குகிறாளோ அங்கே மட்டும் மற்றவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம், விடை சொல்லக்கூடாது. சிறுநீரகத்தியில் (நெப்ரோன்) நீர் எங்கே மீள உறிஞ்சப்படுகிறது என்பதில் நான் சிக்கி நின்ற அந்தப் பின்னேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்று பேரும் பொறுமையாக இருந்தார்கள், ஒருத்தி கூடச் சிரிக்கவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமில்லாத இடம் ஒன்று எனக்குக் கிடைத்தது. வகுப்பில் அது கிடைக்கவே கிடைக்காது.

இரண்டு பேர் பல்கலைக்கழகம் போனோம். ஒருத்தி தாதியர் பயிற்சிக்குப் போனாள். நாலாமவள் கலியாணம் செய்து பொத்துவிலில் கடை நடத்துகிறாள். எங்கள் நால்வரில் கணக்கு வழக்கு அதிகம் விளங்கியவள் அவள்தான் என்று இப்போதும் சொல்வேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடத்தை விட அதிகம் சொல்வது இதைத்தான்: யாரோடு படிக்கிறாய் என்று யோசி, எத்தனை டியூசன் என்று எண்ணாதே.

வந்தாறுமூலை, சமூகவியல் கற்பிப்பவர்

ஓடாவியார் கதையில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறதோ என்று கேட்க நினைக்கிறேன். மரக்காலைக்காரர், ஹாட்வெயார் கடைக்காரர் இவர்களையெல்லாம் உங்களுக்கு அறிமுகம் செய்தது அவர்தானா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் நகரில், தெரிந்தவர் ஒருவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 வீதம் மட்டுமே. இடைக்கிடை என்றவர்கள் 55.6 வீதம், அரிதாக என்றவர்கள் 27.8 வீதம். நெருங்கியவர்களுக்கு உதவ மனம் அதிகம், ஆனால் நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். தள்ளியிருப்பவருக்கு நாம் கேள்விப்படாத செய்தி தெரியும். 2022இல் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடத்திய ஆய்வும் இதையே உறுதிப்படுத்தி, ஒரு திருத்தமும் சொன்னது: மிகவும் தள்ளியிருக்கும் தொடர்பை விட, ஓரளவு தள்ளியிருக்கும் தொடர்புதான் வேலை மாற அதிகம் உதவுகிறது.

ஒரே குடி, ஒரே கோயில், ஒரே சந்தி என்று வாழும் நமக்கு இந்த ஆய்வுகள் நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் அவை வேலை கிடைப்பதைப் பற்றியவை. பீடித்தாள் விட்டுப் பார்க்கிற உறவு வேறு வகை. அதற்குத் தினமும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருவரிடமே இரண்டும் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆரையம்பதி, தளபாட வேலை

ஓம் சேர், அவர்தான். மரக்காலையில் என்னைக் காட்டி "இவர் நம்மட ஆள்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு எனக்குக் கடனுக்குப் பலகை தந்தார்கள்.

கொக்கட்டிச்சோலை, அரிசிமா வியாபாரம்

எழுவான்கரையில, வாவிக்குக் கிழக்கால இருந்து எழுதுறவங்க கோவிக்கக் கூடாது. தெரிந்தெடுக்கிறதுக்கு முதல்ல ஆக்கள் வேணும். 2014இல மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்க அந்தப் பக்கம் போறதெண்டா பாதைக்கு, அதான் ஆள் ஏத்துற மிதவைக்கு, காத்து நிக்கணும். வாவிக்கு மேற்கால, படுவான்கரையில இருக்கிற பொம்பிளைக்கு ஊருக்கு வெளிய ஒரு ஓடாவியார் எங்க கிடைப்பார்?

எங்களுக்குக் கிடைச்சது கடன் குழு. ஐஞ்சு பொம்பிளைகள் சேர்ந்தாத்தான் கடன். ஒருத்தி கட்டாட்டி மத்த நாலு பேரும் கட்டணும். யாரோடயும் சேரலாம் எண்டு சொல்லுவாங்க, ஆனா உண்மையில அவசரத்துக்குக் கையெழுத்து வைக்க ஆர் வாறாங்களோ அவங்கதான் குழு. வயல் வரட்சியில போன நேரம் எங்கட குழுவில ஒருத்தியால கட்ட ஏலாமப் போச்சு. காசு வாங்க வந்தவர் பொழுதுபடும் வரைக்கும் அவள்ட முத்தத்தில கதிரை போட்டு இருந்தார். மத்தவங்க அவளோட கதைக்கிறதையே விட்டிட்டாங்க. 2018இல வரட்சி மாவட்டங்கள்ல பொம்பிளைகள்ட ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான நுண்கடனத் தள்ளுபடி செய்யிறதெண்டு அரசாங்கம் அறிவிச்சது. காசுப் பிரச்சின ஒரு மாதிரி அடங்கிச்சு. முறிஞ்ச முகங்கள் அப்படியேதான் இருந்திச்சு.

நான் சொல்ல வந்தது அவளப் பத்தித்தான். கட்ட ஏலாத ஒவ்வொரு கிழமையும் அவள் விடியவெள்ள எங்கட வீட்டுக்கு நடந்து வந்து, படலையில நிண்டு, "அக்கா, இந்தக் கிழமையும் இல்ல" எண்டு சொல்லிட்டுப் போவாள். மத்த ஆக்கள் இல்லாத நேரம் பாத்து ஒளிப்பாங்க, போன எடுக்க மாட்டாங்க. அவள் ஒரு நாளும் ஒளிக்கல்ல. பிறகு நான் அரிசிமா வறுத்துப் பக்கற் போடத் தொடங்கின நேரம் கூட்டுக்கு அவளத்தான் கேட்டன். ஊரே "அவளோடயா?" எண்டு கேட்டிச்சு. இல்லாத நேரத்தில முகத்துக்கு நேர வந்து இல்லையெண்டு சொன்னவள், இருக்கிற நேரத்தில ஏமாத்துவாளா?

இப்ப மட்டக்களப்பு டவுன் கடைகளுக்கு எங்கட மா போகுது. மா கொஞ்சம் கருகினாலும் அந்தச் சட்டியை அவள் பக்கற் போட விடமாட்டாள், என்னோட சண்டை பிடிப்பாள். ஓடாவியார் எங்கட ஊர்லயும் இருந்திருக்கிறா, நான்தான் பாத்துப் பிடிச்சன்.

காரைதீவு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கச்சி சொன்ன ஒளிக்காத குணத்தை வாசித்து மனம் நிறைந்துவிட்டது.

எங்கள் ஊர் மயில்வாகனனாரைப் பற்றி இரண்டு வரி சேர்க்கிறேன். 1892இல் இங்கே பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1920இல் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. அந்தக் காலத்தில் இவ்வளவு தகுதியோடு ஒருவர் எந்த உத்தியோகமும் தேடிக்கொண்டிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் கற்பித்த காலத்தில் இராமகிருஷ்ண மிசன் துறவிகளோடு உண்டான பழக்கம் அவரை வேறு பாதைக்குக் கொண்டுபோனது. சென்னை மடத்தில் சேர்ந்து 1924இல் சுவாமி விபுலாநந்தர் ஆனார். கல்லடியில் 1929இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது அந்தச் சேர்க்கையின் பயன். அங்கே படித்து வந்த ஏழைப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். ஒருவர் தெரிந்தெடுத்த சங்கம் அவரோடு நிற்பதில்லை, இரண்டு தலைமுறை தாண்டியும் வருகிறது.

வாகரை, மோட்டார் மெக்கானிக் பயிற்சி

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஒரு கேள்வி. வாழைச்சேனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். சத்தத்தைக் கேட்டே எஞ்சினில் என்ன பழுதென்று சொல்லிவிடுவார். அவரிடம் போக ஆசை. அப்பா மீன்பிடி, எங்களுக்கு அங்கே ஆரையும் தெரியாது. அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எப்படிப் போய்க் கேட்பது?

ஆரையம்பதி, தளபாட வேலை

தம்பி, வெறுங்கையோடு போகாதீங்க. நீங்களே கழற்றிப் பூட்டிய சாமான் ஒன்றைக் கொண்டு போங்க, காபரேட்டர் என்றாலும் காணும். "வேலை தாங்க" என்று கேட்காதீங்க. "இதில என்ன பிழை விட்டிருக்கிறன்?" என்று கேளுங்க. நான் ஒரு ஸ்டூலோடு போனேன். அவர் அதில் இருந்து பார்க்கவில்லை, தலைகீழாகத் திருப்பி அடியைத்தான் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்க. பிழையைக் காட்டிவிட்டு "திருத்திக் கொண்டு வாங்க" என்றால் அடுத்த நாளே போங்க. வெள்ளிக்கிழமை பகலில் வேண்டாம், அவர் முஸ்லிம் ஆள் என்றால் ஜும்ஆவுக்குப் பூட்டியிருப்பார். மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போங்க. வேலை குறைவாக இருக்கும், அவருக்கும் கதைக்க நேரம் இருக்கும்.