வீட்டு வைஃபையில் திறக்கிற தளம் மொபைல் டேட்டாவில் திறக்கவில்லை, யாராவது உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். 1856-இல் திறந்த எங்கள் ரயில் நிலையம், காசிமேட்டு மீன் ஏலம் என்று பல வருடமாக எடுத்த படங்களைச் சொந்த இணைய முகவரியில் (டொமைன்) போட ஆசை. போன தடவை ஒரு கடைக்காரர் டொமைனைத் தன் மெயிலில் பதிவு செய்து, புதுப்பிக்காமல் விட்டு, அது கைவிட்டுப் போனது. இந்த முறை எல்லாம் என் பெயரில்தான்.

டொமைன் ஓரிடம், சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) வேறிடம். தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளை ஏற்றி, டொமைனை சர்வருக்குத் திருப்பிவிடும் ஏ ரெக்கார்டில் சர்வரின் ஐபி எண்ணைக் கொடுத்தேன். வீட்டு வைஃபையில் வேர்ட்பிரஸின் 'ஹலோ வேர்ல்ட்' மாதிரிப் பதிவு அழகாக வருகிறது. அதே போனில் வைஃபையை அணைத்தால், டொமைன் விற்றவர்களின் விளம்பரப் பக்கம்! லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழை (https) வாங்கும் முயற்சியும் ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போகிறது.

கஸ்டமர் கேரில் "48 மணி நேரம் பொறுங்க சார்" என்கிறார்கள். இன்றோடு ஐந்து நாள். டிடிஎல் (பழைய ரெக்கார்டை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) வெறும் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். அப்புறம் எதற்குப் பொறுப்பது?

நேற்று ராத்திரி இந்த ரெக்கார்டுகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தைத் துழாவியபோது, நான் போடாத ஒரு நான்கு-ஏ ரெக்கார்டு (AAAA, ஐபிவி6 என்ற புது வகை ஐபி எண்ணுக்கானது) கண்ணில் பட்டது. மொபைல் டேட்டா அந்த வழியாகப் போகிறதோ என்று சந்தேகம். என் விபிஎஸ்-இல் ஐபிவி6 கிடையாது. அதை அழித்துவிடலாமா? மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டுக்கு ஏதும் ஆகாதே? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்று இரவு முழுக்க விழித்திருப்பேன்.